கே நண்பர்கள் கூடும்போது மதம் பேசுவது எப்படி, பேச்சு தடம் மாறாமல்

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கே ஆண்கள், அதாவது ஆண்கள்மேல் ஈர்ப்புள்ள ஆண்கள், நாலு பேர் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே பேச்சு சாமியிடம் வந்து நிற்கும். வராமல் எப்படி இருக்கும்? ஒருத்தர் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், ஜாதகத்தைப் பிள்ளையார்பட்டியில் வைத்து எடுத்து வந்தாகிவிட்டது. இன்னொருத்தரை ஊர்த் திருவிழாவுக்குக் கூப்பிடுகிறார்கள், போனால் "இன்னும் கல்யாணம் ஆகலையா" என்று கேட்காத ஆளே இருக்காது. தேவகோட்டைத் தம்பி ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் பிரசங்கம் கேட்டுவிட்டு மனசு வெந்துபோய் வருகிறார். இளையான்குடிப் பக்கத்து நண்பர் ஐந்து வேளையும் தொழுகிறவர், தொழுகிற பள்ளிவாசலிலேயே தன்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். இவர்களையெல்லாம் ஒன்றாக உட்கார வைத்துவிட்டு மதத்தைப் பற்றி வாயே திறக்காதே என்றால் வேறு எதைப் பேசுவது?

பல இடங்களில் "இங்கே மதமும் அரசியலும் பேசக் கூடாது" என்று முதல் நாளே விதி போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஊர்களில் நம்மை அதிகமாக அழ வைத்தது எதுவோ அதையே பேசக் கூடாது என்று சொன்னால், வருகிறவர்கள் டீயும் சீயமும் சாப்பிட்டுவிட்டு, சினிமா பேசிவிட்டு, வந்த பாரத்தோடேயே பஸ் ஏறிப் போவார்கள். ஆனால் எந்த ஏற்பாடும் இல்லாமல் பேச விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். ஒருத்தர் தன் வீட்டுச் சிக்கலைச் சொல்லத் தொடங்குவார், பத்தாவது நிமிடம் அவரைத் தவிர மற்ற எல்லோரும் வேறு எதையோ பற்றிக் கத்திக்கொண்டிருப்பார்கள். இப்படிக் கூடுகிற இடத்தை நடத்துகிறவர்களுக்காகவும், நடத்தலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கேள்வியைச் சின்னதாக்குங்கள்

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதிச் சண்டை குறைந்துவிடும். "மதமும் நாமும்", "கடவுள் நம்மை ஏற்பாரா" என்றெல்லாம் தலைப்பு வைத்தால் யாரும் எதையும் பேசலாம், அதனால் எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

மதம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் ஐந்து தனித்தனிக் கேள்விகள் கிடக்கின்றன. நூலில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. மடமோ சபையோ ஜமாத்தோ கோயில் நிர்வாகமோ இன்றைக்கு என்ன செய்கிறது என்பது இன்னொன்று. சட்டம் என்ன சொல்கிறது என்பது மூன்றாவது. நம் வீடும் பங்காளிகளும் அதில் எதைப் பிடித்துக்கொண்டு நம்மை அழுத்துகிறார்கள் என்பது நாலாவது. கடைசியாக, நான் என்ன நம்புகிறேன் என்பது. ஒருத்தர் நாலாவதைப் பற்றிக் கேட்க, இன்னொருத்தர் முதலாவதிலிருந்து பதில் சொல்ல, மூன்றாமவர் ஐந்தாவதில் புண்பட்டு எழுந்து போவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஆகவே கூடுவதற்கு முன்பே இன்றைக்கு எதைப் பேசுகிறோம் என்று முடிவு செய்து, ஒரே வரியில், முடிந்தால் ஒரு ஆள் தன் வாழ்க்கையில் கேட்கிற கேள்வியாகவே எழுதி, எல்லோருக்கும் இரண்டு நாள் முன்னால் அனுப்பிவிடுங்கள்.

உதாரணமாக, "இந்து மதம் கே ஆட்களை ஏற்கிறதா" என்று கேட்காதீர்கள். "தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டத்தோடு நானும் என் துணையும் சேர்ந்து நடக்க ஆசை, வழியில் சொந்தக்காரர் கேட்டால் என்ன சொல்வது" என்று கேளுங்கள். "கிறிஸ்தவம் என்ன சொல்கிறது" என்பதைவிட "பாவசங்கீர்த்தனத்தில் நான் இதைச் சொல்ல வேண்டுமா, எனக்கே பாவம் என்று தோன்றாதபோது" என்பது நல்ல கேள்வி. "நிக்காஹ் பேச்சு வந்துவிட்டது, வாப்பாவிடம் பொய் சொல்லாமல் எப்படித் தள்ளிப்போடுவது" என்று ஒருத்தர் கேட்டால் அதில் ஒரு மாலை முழுவதும் பேச விஷயம் இருக்கிறது. இப்படிக் கேள்வியில் ஒரு ஆள் இருந்தால், பேச்சு வேறு பக்கம் போகும்போது அந்த ஆளின் முகத்தைப் பார்த்தே எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள்.

எது வாதத்துக்கு இல்லை என்பதை முன்னாலேயே சொல்லுங்கள்

நாம் இப்படி இருப்பது சரியா தவறா என்பது அந்த அறையில் தலைப்பு இல்லை. இதைத் தயங்காமல் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். வெளியே எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள், இங்கேயும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க யாரும் பஸ் பிடித்து வரவில்லை.

அப்படியானால் "என் சபையில் இது பாவம் என்று சொல்கிறார்கள்" என்று ஒருத்தர் சொல்லக் கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். "எனக்கே சில நாள் அப்படித் தோன்றுகிறது" என்றும் சொல்லலாம், அதைச் சொல்ல அவருக்கு வேறு இடம் இல்லை. "நீங்க செய்றது பாவம், ஜெபம் பண்ணா சரியாயிடும்" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொன்னால்தான் நிறுத்த வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் அடுத்தவருக்குத் தீர்ப்புச் சொல்வதற்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

சரி செய்துவிடலாம், பூசாரியிடம் போகலாம், டாக்டரிடம் போகலாம் என்கிற பேச்சு வந்தால் நடத்துகிறவருக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து தஞ்சம் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த உத்தரவு, பாலீர்ப்பை, அதாவது யார்மேல் ஈர்ப்பு வருகிறது என்பதை, மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யச் சொன்னது. அதைத் தொடர்ந்து தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் அதை மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கு எதிரானது என்று அறிவித்தது. அந்த நீதிபதி இந்த விஷயத்தைப் புரிந்துகொள்வதற்காகத் தானே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார். வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல செய்தி இல்லை.

சட்டத்தைப் பற்றிய தப்பான தகவல்களும் நிறைய ஓடும். நம் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு 1860இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. கல்யாணம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை, 2023 அக்டோபர் 17 தீர்ப்பு அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். யாராவது "போலீஸ் பிடிக்குமாமே" என்று ஆரம்பித்தால் ஒரு நிமிடத்தில் தெளிவாக்கிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பலாம்.

நடுவர் வேண்டும்

இதை நம்ம ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகமும் அதன் விழா மேடையும் பட்டிமண்டபத்தை எந்த அளவுக்கு வளர்த்தன என்று எல்லோருக்கும் தெரியும். தலைப்பு ஒன்று, பேசுகிறவருக்கு நேரம் இவ்வளவு, மணி அடித்தால் முடிக்க வேண்டும், எதிரணியைப் பேச விட வேண்டும். இவ்வளவையும் அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டும். அது கடைசியில் சொல்லும் தீர்ப்பு. நம் கூட்டத்தில் யாருடைய சாமி ஜெயித்தது என்று யாரும் அறிவிக்கக் கூடாது, கைதட்டலும் வேண்டாம். கைதட்டல் வந்துவிட்டால் பேசுகிறவர் கேள்வி கேட்டவரை மறந்துவிட்டுக் கூட்டத்துக்குப் பேசத் தொடங்கிவிடுவார்.

நடுவராக யாரை வைப்பது? ரொம்ப பக்தியான ஆளையும் வேண்டாம், ரொம்பத் தீவிரமான நாத்திகரையும் வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றும். என் அனுபவத்தில் அது முக்கியமில்லை. தன் கருத்தை ஒன்றரை மணி நேரம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார முடிகிறவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் சரிதான். ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றுங்கள். ஒருவரே நடுவராக இருந்தால் போகப்போக அந்த இடமே அவர் வீடு மாதிரி ஆகிவிடும், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள். இளையவர்களையும் உட்கார வையுங்கள். நம்ம பக்கம் வயதுக்கு மரியாதை அதிகம், ஐம்பது வயது அண்ணனை இருபத்தைந்து வயதுத் தம்பி "அண்ணே, மணி ஆயிருச்சு" என்று நிறுத்தத் தயங்குவார். அதனால் தொடங்கும்போதே பெரியவர்கள், "தம்பி நிறுத்துன்னா நிறுத்திருவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். சொன்னால் கேட்கிறார்கள்.

ஒரு கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கேள்வி அனுப்பியவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஒருவர். அவர் வீட்டில் படைப்பு, அதாவது முன்னோருக்குப் படைக்கிற சடங்கு, வருகிறது, வெளியூர் பங்காளிகள் எல்லாம் கூடுவார்கள், கூடவே இருக்கிற துணையை அழைத்துப் போக ஆசை, யார் என்று சொல்லி அழைத்துப் போவது? இவ்வளவுதான் கேள்வி. முதல் ஆள் "ஃப்ரெண்டுன்னு சொல்லுங்க" என்றார். இரண்டாமவர் "ஏன் ஒளிக்கணும்" என்றார். அதுவரை சரி. மூன்றாமவர் கருப்புச் சட்டைக்காரர், நல்ல மனுஷர், "செத்தவனுக்குச் சேலையும் வேட்டியும் வச்சுப் படைக்கிறதே மூடநம்பிக்கை, அதுக்குப் போயி எதுக்கு ரெண்டு பேரு" என்றார். உடனே நாலாமவர் "மத்த மதத்துக்காரன் செஞ்சா இப்படிக் கேப்பீங்களா" என்றார். எல்லோருடைய கண்ணும் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த கிறிஸ்தவத் தம்பியிடம் போனது, அவர் பாவம், பலகாரத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து மதமாற்றம், அங்கிருந்து கட்சி, எந்தக் கட்சி நமக்கு என்ன செய்தது. கேள்வி கேட்டவர் செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

அன்றைய நடுவர் குரலை உயர்த்தவில்லை. கையைத் தூக்கினார், பேச்சு நிற்கும்வரை இறக்கவில்லை. நின்றதும் கருப்புச் சட்டை அண்ணனைப் பார்த்து, "அண்ணே, படைப்பு வேணுமா வேணாமான்னு அவர் கேக்கலை. போறதுன்னு முடிவு பண்ணிட்டாரு. கூட வர்றவரை யாருன்னு சொல்றதுன்னுதான் கேக்குறாரு. நீங்க அவர் இடத்துல இருந்தா ஆத்தாகிட்ட என்ன சொல்வீங்க?" என்றார். அந்த அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "படைப்பன்னைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க, அன்னைக்கு நூறு கண்ணு. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாட்டி சும்மா சாப்பிடக் கூட்டிட்டுப் போங்க. ஆத்தா கையால அவருக்குச் சோறு போட்டுட்டாங்கன்னா, படைப்புக்கு அவங்களே 'அந்தப் பிள்ளை வரலையா'ன்னு கேப்பாங்க" என்றார். அன்று மாலை சொல்லப்பட்டதிலேயே உருப்படியான யோசனை அதுதான், சொன்னவர் படைப்பே கூடாது என்றவர்.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவர் அவரைத் தப்பு என்று சொல்லவில்லை, வாயை மூடச் சொல்லவும் இல்லை. கேள்வியைத் திரும்பச் சொல்லி, அதையே அவரிடம் கொடுத்தார். தடம் மாற்றியவரிடமே கேள்வியைக் கொடுப்பது பெரும்பாலும் பலிக்கும். பலிக்காவிட்டால் அவர் எழுப்பிய விஷயத்தை ஒரு தாளில் எல்லோரும் பார்க்க எழுதி வைத்து, "இது அடுத்த மாசத்துக்கு" என்று சொல்லுங்கள். சொன்னால் உண்மையிலேயே அடுத்த மாதம் எடுக்க வேண்டும்.

எது தடம் மாறுவது, எது இல்லை

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். சாதிப் பேச்சு வந்தாலே "டாபிக்கை விட்டுப் போறீங்க" என்று அடக்குகிற பழக்கம் சிலருக்கு உண்டு. கோயிலைப் பற்றிப் பேசும்போது சாதி வராமல் இருக்காது. கண்டதேவித் தேர் வடத்தை யார் பிடிப்பது என்பதில் சாதிப் பிரச்சினை நீதிமன்றம் வரைக்கும் போனது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "நான் கேயாக இருப்பதால் கோயிலுக்குள் அந்நியமாக உணர்கிறேன்" என்று ஒருத்தர் சொல்லும்போது, பக்கத்தில் இருக்கிற தலித் நண்பர் "என் தாத்தாவை உள்ளேயே விடலை" என்று சொன்னால், அவர் அதே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார். அவரை நிறுத்தாதீர்கள். ஒரு பேச்சு தடம் மாறிவிட்டதா என்று பார்க்க நான் ஒன்றைத்தான் கேட்பேன். இது கேள்வி கேட்டவருக்கு ஏதாவது தருகிறதா, அல்லது அவரை மறந்துவிட்டு நடக்கிறதா?

மாறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் கூடியவையும் உண்டு. உங்க மதம் எங்க மதத்தைவிட மோசம் என்கிற ஒப்பீடு, எந்தக் கட்சிக்கு ஓட்டு, எந்த நாட்டில் என்ன தண்டனை என்று போனில் வந்த படங்கள், அங்கே இல்லாத ஒருவரின் பக்தி உண்மையா நடிப்பா என்கிற விசாரணை. இவை வந்ததும் கையைத் தூக்குங்கள்.

நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகப் பேச முடியுமா என்று கேட்கிறவர்கள் குன்றக்குடி அடிகளாரை நினைத்துக்கொள்ளலாம். மடத்தின் தலைவர், பட்டிமண்டபங்களில் நடுவராக உட்கார்ந்தவர், பெரியாருக்கு நேர் எதிரான கொள்கையில் நின்றும் அவருக்கு நண்பராக இருந்தவர். அவர்கள் இருவருக்கும் முடிந்தது நமக்கும் முடியும். நாத்திக நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. சாமி இல்லை என்பதை அந்த அறையில் நிரூபிக்க வேண்டாம், சாமி கும்பிடுகிறவர் அங்கே உதவி கேட்டு வந்திருக்கிறார். பக்தர்களிடம் கேட்பதும் அதே மாதிரிதான், நம்பிக்கையை விட்டவர் ஏன் விட்டார் என்று அவரே சொன்னால் கேளுங்கள், திரும்ப அழைத்துப் போக முயலாதீர்கள்.

நூலை மேற்கோள் காட்டினால் நூல் கையில் இருக்கட்டும்

"பைபிள்ல இருக்கு", "குர்ஆன்ல தெளிவா இருக்கு", "நம்ம சாஸ்திரத்துல எங்கேயும் தடை இல்ல". மூன்றையும் கேட்டிருப்பீர்கள். இந்த மாதிரி வரிகள்தான் மணிக்கணக்கில் சண்டை இழுக்கும், ஏனென்றால் யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் வைத்திருக்கிற வழக்கம், மேற்கோள் சொல்கிறவர் இடத்தைக் காட்ட வேண்டும், முன்னும் பின்னும் பத்து வரி சேர்த்து வாசிக்க வேண்டும், அதற்கு வேறு பொருள் சொல்கிறவர்கள் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

வாசித்தால் சுவாரசியமாகவே இருக்கிறது. லேவியராகமம் 18:22 தடை சொல்வது உண்மை. அதே லேவியராகமம் 11ஆம் அதிகாரத்தில் பன்றிக் கறியையும் 19ஆம் அதிகாரத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணியையும் தடை செய்கிறது. இதற்காகவே அழிந்ததாகச் சொல்லப்படும் சோதோம் நகரின் பாவம் என்ன என்று எசேக்கியேல் 16:49 சொல்லும்போது அகந்தையையும், வயிறு நிறைந்தும் ஏழைக்குக் கை கொடுக்காததையும்தான் முதலில் சொல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2357ஆம் எண் நம் உறவை ஏற்க மறுக்கிறது, அடுத்த 2358ஆம் எண் நம்மை மரியாதையோடும் பரிவோடும் நடத்தச் சொல்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, திருமணச் சடங்கு போல ஆகாத வகையில் இப்படிப்பட்ட இணைகளுக்குக் குருக்கள் ஆசி தரலாம் என்றது. இவ்வளவையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற தேவகோட்டைத் தம்பிக்கும் "சர்ச் உன்னை வெறுக்குது" என்று மட்டும் கேட்கிற தம்பிக்கும் எவ்வளவு வித்தியாசம்.

லூத் நபியின் சமூகத்தைப் பற்றிக் குர்ஆனில் 7, 11, 26 உட்படப் பல அத்தியாயங்களில் வருகிறது. மரபுவழி ஆலிம்கள் அதை ஆணும் ஆணும் சேர்வதற்கான தடையாகவே படிக்கிறார்கள். விருந்தாளிகள் மீதான வன்முறை என்று படிக்கிற இன்றைய அறிஞர்கள் சிலரும் இருக்கிறார்கள், எண்ணிக்கையில் குறைவு. இரண்டையும் உள்ளபடி சொல்லுங்கள், சிறுபான்மைக் கருத்தைப் பெரும்பான்மை மாதிரி காட்டி ஆறுதல் தந்தால் அவர் வீட்டில் முதல் கேள்வியிலேயே உடைந்துபோவார். ஒரு முக்கியமான விஷயம், ஐந்தாறு இந்து நண்பர்கள் நடுவில் ஒரே ஒரு முஸ்லிம் இருக்கும்போது குர்ஆன் வசனத்தை நீங்கள் எடுத்து வைக்காதீர்கள். அவர் எடுத்தால் பேசலாம்.

"இந்து மதத்தில் தடையே இல்லை" என்பதும் அரைகுறைதான். ஐயனார் அரிக்கும் அரனுக்கும் பிறந்தவர், நம்ம ஊர் எல்லையில் குதிரை எடுப்பு நடக்கிற சாமியே அவர்தான் என்று பெருமையாகச் சொல்லலாம், எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். கூடவே மனுதர்மம் 11ஆம் அத்தியாயம் இருபிறப்பாளனான ஆண் ஆணோடு சேர்ந்தால் உடுத்திய துணியோடு குளிக்க வேண்டும் என்கிறது, 8ஆம் அத்தியாயத்தில் பெண்களுக்கு அதைவிடக் கொடிய தண்டனை சொல்லியிருக்கிறது. கதை இருக்கிறது, தண்டனையும் இருக்கிறது, இரண்டையும் மேசையில் வையுங்கள்.

உண்மையான சிக்கல் பெரும்பாலும் நூலில் இருக்காது

நம்ம பக்கம் மதம் நம்மைப் பிடிக்கிற இடம் வேறு. நகரத்தார் வீட்டுப் பிள்ளை என்றால் கல்யாணம் ஆனதும் நகரக் கோயிலில் புள்ளியாக, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக, சேர வேண்டும், கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். புள்ளி வரி கட்டுவதும் அந்தக் கணக்கில்தான். கல்யாணமே செய்யாதவனுக்கு அந்தக் கணக்கில் இடம் எது? எந்தச் சாஸ்திரமும் அவனை வெளியே போ என்று சொல்லவில்லை, ஆனால் வீட்டில் "நம்ம புள்ளி உன்னோட முடிஞ்சு போயிருமா" என்று அப்பச்சி, அதாவது அப்பா, கேட்கும்போது அவன் நொறுங்கிப்போகிறான். மற்ற சமூகங்களிலும் இதே மாதிரி ஏதாவது ஒன்று இருக்கிறது, கொள்ளி வைக்க ஆள், கோயில் கரைப் பங்கு, முதல் மரியாதை, சாமியாடுகிற உரிமை.

ஆகவே ஒருத்தர் "மதம் எங்களை ஒதுக்குது" என்று பொதுவாகச் சொன்னால், நடுவர் மெதுவாக "எந்த இடத்துல, எப்படி?" என்று கேட்க வேண்டும். ஒரு இடம், ஒரு நாள், ஒரு ஆள் சொன்ன ஒரு வார்த்தை என்று வந்துவிட்டால் உதவி செய்ய முடியும். பங்காளி வீட்டுப் பிள்ளையைச் சுவீகாரம் எடுக்கலாமா என்று யோசிக்கலாம், இங்கே பிள்ளை கூட்டுகிற வழக்கம் பழையது. கோயில் திருப்பணிக்குத் தன் பெயரில் தருவதைப் பற்றி யோசிக்கலாம். அப்பச்சியிடம் யார் முதலில் பேசுவது, பெரிய அக்காவா, வெளியூரில் இருக்கிற மாமாவா என்று பார்க்கலாம். இந்தப் பேச்சுக்கு நேரம் கொடுங்கள், வேறு எதைக் குறைத்தாலும் பரவாயில்லை.

காயத்தோடு வருகிறவர்

சிலர் வாதத்துக்கு வருவதில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று கோயிலில் கட்டி வைத்து அடிபட்டவர் இருக்கிறார், தலையில் கை வைத்து இரவு முழுவதும் ஜெபம் செய்யப்பட்டவர் இருக்கிறார். அவர்கள் கோபத்தில் பேசும்போது மதத்தையே திட்டுவார்கள். அதற்குப் பதில் சொல்லாதீர்கள், "எல்லாரும் அப்படி இல்லீங்க" என்று சாமிக்கு வக்கீலாகப் போகாதீர்கள். தொடக்கத்தில் ஒரு பதினைந்து இருபது நிமிடம் இதற்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் யாரும் யாருக்கும் மறுப்புச் சொல்லக் கூடாது, கேட்க மட்டும்தான் என்று வைத்துக்கொண்டால், பின்னால் வாதம் நடக்கும்போது பழைய வலி குறுக்கே பாய்வது குறைகிறது. தன்னை மாய்த்துக்கொள்வது பற்றி யாராவது சொன்னால் அன்றைய தலைப்பை அங்கேயே மூடிவிடுங்கள். ஒருவர் அவர்கூடவே இருக்கட்டும். அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், அங்கேயே போட்டுக் கொடுங்கள்.

பெயர் வெளியே போகக் கூடாது

சென்னையில் ஒருத்தர் "எங்க கோயில்" என்று சொன்னால் யாருக்கும் ஒன்றும் புரியாது. இங்கே கோயில் பிரிவையும் ஊரையும் சேர்த்துச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், வீட்டு முகப்பு வரைக்கும் தெரிந்துவிடும். எந்தச் சர்ச் பங்கு, எந்தப் பள்ளிவாசல், எந்தப் படைப்பு வீடு என்று கேட்காதீர்கள், அவரே வாய் தவறிச் சொன்னாலும் திரும்பச் சொல்லாதீர்கள். கூடுகிற வீட்டில் சாமி அறை திறந்திருந்தால் மூட வேண்டியதில்லை, ஆனால் அது பின்னால் தெரிகிற மாதிரி போட்டோ எடுக்க வேண்டாம், போட்டோவே வேண்டாம். திருவிழாக் கூட்டத்தில் இவரை அவர் பார்த்தால் முதலில் சிரிப்பது யார் என்பதைக்கூட முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். எங்கள் வழக்கம், குடும்பத்தோடு வந்தவர் சிரித்தால்தான் மற்றவர் சிரிப்பார்.

முடிக்கும்போது கடைசிப் பத்து நிமிடம் கேள்வி கேட்டவருக்கு விட்டுவிடுங்கள். அவர் என்ன எடுத்துக்கொண்டார், என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லட்டும், ஒன்றும் முடிவு செய்யவில்லை என்றால் அதையும் சொல்லட்டும், அதற்கு மேல் யாரும் அறிவுரை சேர்க்க வேண்டாம். அடுத்த தலைப்பை அன்றைக்குக் குறைவாகப் பேசியவரிடம் கேளுங்கள், எழுதி வைத்த தாளிலிருந்து எடுத்தாலும் சரி. மறுநாள் நடுவர் இரண்டு பேருக்குப் போன் போட வேண்டும். ஒருவர், மணி அடித்து நிறுத்தப்பட்டவர். இன்னொருவர், சொல்லிக்கொள்ளாமல் சீக்கிரம் கிளம்பிப் போனவர்.